மைனர் லீகிலேயே காலம் கழித்தவர் தோற்றவரா? ஓக்லண்டின் ஆர்லெட்டை முன்வைத்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: "கூடைப்பந்தில் உச்சம் தொட்ட மைக்கேல் ஜோர்டான் 1994-இல் பேஸ்பால் ஆடப் போய், மைனர் லீகிலேயே திணறினார் என்கிறார்கள். மைனர் லீகில் அவுட்ஃபீல்டராக ஆடுபவரின் வாழ்க்கை எப்படிப்பட்டது? மேஜர் லீகுக்குப் போக முடியாமல் அங்கேயே காலம் முடிந்தவர்களைத் தோற்றவர்கள் என்றுதானே சொல்ல வேண்டும்?"

ஜோர்டானைப் பற்றிய செய்தி உண்மைதான். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலை மேஜர் லீக்; அதற்குக் கீழே உள்ளவை மைனர் லீகுகள். மேஜர் லீகின் சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்குக் கிளை அணியான பர்மிங்ஹாம் பேரன்ஸில் 127 ஆட்டங்கள் ஆடினார். பேட்டிங் சராசரி 0.202, மூன்று ஹோம் ரன், 114 முறை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே ஆட்டமிழந்தது. ஆனால் அந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பேரன்ஸ் ஆடியது 'டபுள்-ஏ' நிலை. மேஜர் லீகுக்குத் தகுதியானவர் யார் என்று சலித்தெடுக்கும் இடமே அதுதான். பள்ளிக்குப் பிறகு முறையாக பேஸ்பால் ஆடாத 31 வயதுக்காரர் நேரே அங்கே இறங்கி, ஐந்துக்கு ஒரு முறையாவது ஹிட் எடுத்து (பந்தை அடித்து ஆட்டமிழக்காமல் பேஸை அடைவது), 30 பேஸ்களைத் திருடியும் (எதிரணி பார்த்திருக்கும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) இருக்கிறார். அதைத் திணறல் என்பதைவிட அந்த நிலை எவ்வளவு கடினம் என்பதற்கான சான்று என்று கொள்வதே பொருத்தம்.

கேள்வியின் கடைசிப் பகுதியைத்தான் நான் மறுக்கிறேன். 'மேஜர்', 'மைனர்' என்ற பெயர்களைக் கேட்டவுடன் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஏணியைக் கற்பனை செய்துகொள்கிறோம். இன்றைக்கு அது சரி. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அப்படி இல்லை. அன்றைய மைனர் லீக் பலருக்கு முழு வாழ்வும் நடந்த இடம். அதை விளக்க ரசல் லோரிஸ் ஆர்லெட்டைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ரசிகர்கள் அவரைப் பஸ்ஸ் ஆர்லெட் என்று அழைத்தார்கள்.

அதற்கு முன் அவுட்ஃபீல்டரின் வேலையைப் பற்றிச் சில வரிகள். மைதானத்தின் வெளிப்பரப்பை இடது, நடு, வலது என்று மூவர் காக்கிறார்கள். நடுவில் நிற்பவருக்கு வேகம் வேண்டும். வலப்புறம் நிற்பவருக்கு மூன்றாம் பேஸ் வரை பந்தைத் தட்டையாக வீசும் கை வேண்டும். இரண்டும் குறைவாக இருப்பவரை இடப்புறம் நிறுத்துவது வழக்கம். இரு ஓரங்களிலும் நிற்பவர்களிடம் அணி எதிர்பார்ப்பது முதன்மையாக பேட்டிங்தான். பேட்டிங் சராசரி 0.300-ஐத் தொட்டால், அதாவது பத்து வாய்ப்புகளில் மூன்று ஹிட் எடுத்தால், அவர் நல்ல ஆட்டக்காரர். ஹோம் ரன் என்பதை நம் சிக்சரைப் போல என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைவிடப் பல மடங்கு அரிது.

ஆர்லெட் 1899 ஜனவரி 3 அன்று கலிஃபோர்னியாவில், ஓக்லண்டை ஒட்டிய எல்ம்ஹர்ஸ்ட் பகுதியில் பிறந்தார். 1918-இல் ஓக்லண்ட் ஓக்ஸ் அணியில் சேர்ந்தபோது அவர் அவுட்ஃபீல்டர் அல்ல, பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அந்த அணி ஆடிய பசிபிக் கோஸ்ட் லீக் 1903-இல் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், போர்ட்லண்ட், சாக்ரமெண்டோ போன்ற நகரங்களின் லீக் அது. அந்தக் காலத்தில் மேஜர் லீகின் மேற்கு எல்லை செயின்ட் லூயிஸ். அதற்கு மேற்கே, பசிபிக் கடல் வரை, ஒரு மேஜர் லீக் அணிகூட இல்லை. டாட்ஜர்ஸும் ஜயண்ட்ஸும் கலிஃபோர்னியாவுக்கு வந்தது 1958-இல்தான். ஆகவே ஓக்லண்ட் மக்களுக்கு ஓக்ஸ் அணியே முதல்தர பேஸ்பால். நியூயார்க் ஆட்டங்களை அவர்கள் செய்தித்தாளில் படித்தார்கள். ஆர்லெட்டை எமரிவில் மைதானத்தில் நேரில் பார்த்தார்கள்.

கலிஃபோர்னியாவின் தட்பவெப்பம் அந்த லீகுக்கு நீண்ட பருவத்தைக் கொடுத்தது. மேஜர் லீகில் ஓர் அணி ஆண்டுக்கு 154 ஆட்டங்கள் ஆடியபோது, இங்கே 200 வரை போனது. ஒரே எதிரணியுடன் ஒரு வாரம் முழுவதும் ஆடுவார்கள். திங்கட்கிழமை ரயில் பயணம். செவ்வாய்க்கிழமை அடுத்த ஊரில் அடுத்த வாரம் தொடங்கும். வேலை அதிகம், வருமானமும் அதற்கேற்ப உண்டு. அங்கே நட்சத்திரமாக இருந்தவர்கள் மேஜர் லீகின் பல ஆட்டக்காரர்களுக்கு இணையாகச் சம்பளம் வாங்கினார்கள், சொந்த ஊரிலேயே, இதமான வெயிலில். கிழக்கே போகாமல் இங்கேயே இருந்துவிட்டவர்களைப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

பிட்சராக ஆர்லெட்டின் உழைப்பைப் பாருங்கள். 1920-இல் 29 வெற்றிகள், 427 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்). இன்று ஒரு பிட்சர் ஓர் ஆண்டில் 200 இன்னிங்ஸ் வீசினாலே அது செய்தி. அவருடைய ஆயுதம் 'ஸ்பிட்பால்'. பந்தின் ஒரு பக்கத்தில் எச்சிலைத் தடவி வீசினால் அது பேட்டருக்கு அருகில் வந்து சட்டென்று இறங்கும். 1920-இல் மேஜர் லீக் அதைத் தடை செய்தது. ஏற்கெனவே அங்கே அதை வீசிக்கொண்டிருந்த 17 பேருக்கு மட்டும், ஓய்வு பெறும்வரை வீசலாம் என்று விலக்கு அளித்தது. மைனர் லீகில் இருந்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பசிபிக் கோஸ்ட் லீக் தன் பழைய ஸ்பிட்பால் பிட்சர்களைத் தொடர அனுமதித்தது. விளைவு என்ன? தன் சிறந்த பந்தை வீச விரும்பும் பிட்சர் மேற்கிலேயே இருக்க வேண்டும். கிழக்கே போனால் அதை விட்டுவிட வேண்டும்.

இந்த விதியால் மறிக்கப்பட்டவர்களில் ஃபிராங்க் ஷெல்லன்பேக்கின் கதை என்னை மிகவும் வருத்துவது. 1918, 1919 ஆண்டுகளில் வைட் சாக்ஸுக்கு வீசியவர் அவர். பட்டியல் தயாரானபோது மைனர் லீகில் இருந்தார் என்ற ஒரே காரணத்தால் அதில் பெயர் வரவில்லை. அதன் பிறகு பசிபிக் கோஸ்ட் லீகிலேயே ஆடி, அங்கே மட்டும் 295 வெற்றிகள் பெற்றார். இவரைத் தோற்றவர் என்று யாராவது சொன்னால் அவர்கள் எண்களைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

ஆர்லெட்டுக்குக் கதை வேறு திசையில் திரும்பியது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இன்னிங்ஸ் வீசிய வலக்கை 1923-இல் கைவிட்டது. பெரும்பாலான பிட்சர்களுக்கு அத்துடன் தொழில் முடிந்திருக்கும். அவர் அவுட்ஃபீல்டுக்குப் போனார். அதுவரை வலக்கை பேட்டராக இருந்தவர், இடக்கைப் பக்கமும் நின்று அடிக்கப் பழகிக்கொண்டார். 24 வயதில், உயர்தர லீக் ஒன்றில், ஆடிக்கொண்டே இதைச் செய்வது எவ்வளவு அரிது என்பதை பேட்டைப் பிடித்தவர்கள் அறிவார்கள். உயரம் ஆறடி மூன்று அங்குலம். எடை நூறு கிலோவுக்கு மேல். அந்த உடம்பு இரண்டு பக்கமும் நின்று அடித்ததை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆண்டே சராசரி 0.330. அடுத்த ஆண்டு 33 ஹோம் ரன். 1926-இல் சராசரி 0.382, ஹோம் ரன் 35. 1927-இல் ஓக்ஸ் அணி லீக் பட்டத்தை வென்றது. 1929-தான் அவருடைய உச்சம்: 0.374, 39 ஹோம் ரன், 70 டபுள் (ஒரே அடியில் இரண்டாம் பேஸை எட்டுவது), அவருடைய அடியால் அணிக்கு வந்த ரன்கள் 189. 1923 முதல் 1930 வரை ஓர் ஆண்டுகூட அவருடைய சராசரி 0.320-க்குக் கீழே இறங்கவில்லை. ஆண்டு 200 ஆட்டங்கள் என்பது இந்த மொத்தங்களைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சராசரியை அது பெரிதாக்காது அல்லவா?

அப்படியானால் மேஜர் லீக் அணிகள் ஏன் அவரை வாங்கவில்லை? இங்கேதான் அன்றைய அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓக்ஸ் யாருக்கும் கிளை அணி அல்ல. அது ஒரு தனிக் கம்பெனி. நல்ல ஆட்டக்காரரை வளர்த்து மேஜர் லீகுக்கு விற்பது அதன் வருமானங்களில் ஒன்று. 1920-களில் உயர்நிலை மைனர் லீகுகள், தங்கள் ஆட்டக்காரர்களைக் குறைந்த விலைக்கு எடுத்துச்செல்லும் 'டிராஃப்ட்' முறையிலிருந்து பெருமளவு விலகி நின்றன. அதனால் விலை எகிறியது. சான் பிரான்சிஸ்கோ சீல்ஸ் 1922-இல் வில்லி காம் என்பவரை ஒரு லட்சம் டாலருக்கு விற்றது. 1925-இல் பால் வேனரையும் இன்னொருவரையும் சேர்த்து மீண்டும் ஒரு லட்சம். அன்று மைனர் லீக் அணியாக இருந்த பால்டிமோர் ஓரியோல்ஸ் 1924-இல் லெஃப்டி குரோவை விற்றது 1,00,600 டாலருக்கு. பக்கத்து ஊர்க்காரர் இந்த விலைக்கு விற்றதைக் கண்ட ஓக்ஸ் நிர்வாகம், தன் சிறந்த ஆட்டக்காரரை மலிவாகத் தர இசையவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த 'ரிசர்வ்' விதிப்படி ஆட்டக்காரர் அந்த அணிக்கே கட்டுப்பட்டவர். தானாக விலகி வேறு அணியில் சேரும் உரிமை அவருக்குக் கிடையாது. ஆர்லெட் போக விரும்பினாரா என்பது கணக்கிலேயே வரவில்லை. யார் எவ்வளவு தருவார்கள் என்பதுதான் கணக்கு.

விலைக்குத் தயங்கிய மேஜர் லீக் அணிகளுக்கு ஒரு சாக்கும் இருந்தது. ஆர்லெட் அவுட்ஃபீல்டில் மெத்தனமானவர், பந்தைத் துரத்த மாட்டார் என்ற பேச்சு அது. இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். பிட்சராகப் பயின்றவர், கனத்த உடம்பு, தேய்ந்த கை. ஆனால் ஆண்டுக்கு முப்பது ஹோம் ரன் அடிப்பவரை ஓரத்தில் நிறுத்தி இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்வது பேஸ்பாலில் அன்றும் வழக்கம், இன்றும் வழக்கம். எனவே அந்தப் பேச்சை முதற்காரணமாக நான் ஏற்கவில்லை. விலைதான் முதற்காரணம்.

1930-இல் ஒரு கதவு திறப்பதுபோல இருந்தது. மேஜர் லீகின் ப்ரூக்ளின் அணிக்கு அடிக்கக்கூடிய அவுட்ஃபீல்டர் தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து, ஓர் ஆட்டத்துக்குப் பிறகு அம்பயருடன் ஏற்பட்ட வாக்குவாதத்தில், அந்த அம்பயர் தன் முகக்கவசத்தால் ஆர்லெட்டின் முகத்தில் அடித்துவிட்டார். காயத்தால் அவர் களத்திலிருந்து விலக நேர்ந்தது. ப்ரூக்ளின், அதே லீகில் மிஷன் அணியில் ஆடிய ஐக் பூன் என்ற அவுட்ஃபீல்டரை வாங்கிக்கொண்டு போனது. பூனும் சாதாரணமானவர் அல்லர். 1929-இல் 55 ஹோம் ரன்களுடன் 0.407 சராசரி எடுத்தவர். இப்படிப்பட்ட இருவர் ஒரே நேரத்தில் ஒரே 'மைனர்' லீகில் இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

கடைசியில் 1931-இல், 32 வயதில், மேஜர் லீகின் ஃபிலடெல்ஃபியா ஃபில்லிஸ் அவரை வாங்கியது. பலமற்ற அணி அது. அவர் ஆடிய ஆண்டில் ஆறாம் இடம். அவர் 121 ஆட்டங்களில் 0.313 சராசரி எடுத்தார், 18 ஹோம் ரன் அடித்தார். அந்த ஆண்டு நேஷனல் லீக் (மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்று) ஹோம் ரன் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் அவர் பெயர் இருந்தது. ஃபில்லிஸின் பேக்கர் பவுல் மைதானத்தில் வலப்புறச் சுவர் வெறும் 280 அடி தூரத்தில் நின்றது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அது இடப்பக்கம் நின்று அடிப்பவருக்குச் சாதகம். அதே ஆண்டில் நேஷனல் லீக், பந்தின் மேல்தோலைத் தடிமனாக்கி, தையலை உயர்த்தி, பந்து பறப்பதைக் குறைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டையும் கழித்துப் பார்த்தாலும், முதல்முறை மேஜர் லீகில் இறங்கிய 32 வயதுக்காரருக்கு அது மிக நல்ல ஆண்டு. நடுவில் காயங்கள் வந்தன. ஆண்டு முடிந்ததும் அணி அவரைக் கைவிட்டது. மற்ற அணிகளும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை அந்த ஒரே ஆண்டுதான்.

அவர் மைனர் லீகுக்கே திரும்பி பால்டிமோருக்குப் போனார். 1932-இல் அங்கே 54 ஹோம் ரன் அடித்தார். ஜூன் 1 அன்று ஒரே ஆட்டத்தில் நான்கு. ஐந்து வாரம் கூட ஆகவில்லை, ஜூலை 4 அன்று மறுபடியும் ஒரே ஆட்டத்தில் நான்கு. பேஸ்பால் வரலாற்றில் எண்ணற்ற பெரிய பேட்டர்கள் ஒருமுறைகூடச் செய்யாததை ஒரே பருவத்தில் இரண்டு முறை செய்தவர் அவர். அடுத்து பர்மிங்ஹாமில் சில வாரங்கள், பிறகு மினியாபொலிஸ். 1934-இல் அங்கே 41 ஹோம் ரன். 1937-இல் சிராக்யூஸில் சில ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டார்.

மைனர் லீகில் மொத்தம் 432 ஹோம் ரன், 0.341 சராசரி. பிட்சராக 108 வெற்றிகள். மேஜர் லீகின் புகழ்பெற்ற ஹோம் ரன் வீரர் பேப் ரூத்தும் பிட்சராகத் தொடங்கி அவுட்ஃபீல்டரானவர் என்பதால் ஆர்லெட்டை 'மைனர் லீகின் பேப் ரூத்' என்று எழுதினார்கள். அது இலகுவான பட்டம் என்றே எனக்குப் படுகிறது. ரூத்துக்குக் கை கெடவில்லை; அவருடைய பேட்டிங்கின் மதிப்பு தெரிந்ததால் அணி அவரை மாற்றியது. ஆர்லெட் கை கெட்ட பிறகு தன் தொழிலை மறுபடி முதலிலிருந்து கட்டினார். ஆட்டத்தை விட்ட பிறகு மினியாபொலிஸிலேயே தங்கி ஒரு மதுக்கூட உணவகம் நடத்தினார். 1964 மே 16 அன்று 65 வயதில் காலமானார். இருபது ஆண்டுகள் கழித்து, 1984-இல், அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தினர் மைனர் லீகின் எல்லாக் காலத்துக்குமான மிகச் சிறந்த ஆட்டக்காரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி இன்றைய நிலை. இன்று மைனர் லீகில் அவுட்ஃபீல்டராகச் சேரும் இளைஞருக்கு ஆர்லெட்டின் வாழ்க்கை கிடைக்காது. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பிராஞ்ச் ரிக்கி, ஒரு லட்சம் கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக மைனர் லீக் அணிகளையே வாங்கிக் கிளைகளாக்கத் தொடங்கினார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். தனிக் கம்பெனிகள் மறைந்தன. இப்போது 30 மேஜர் லீக் அணிகளுக்குக் கீழே தலா நான்கு கிளை அணிகள்; ஏ, உயர்-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. 2021-இல் நடந்த சீரமைப்பில் இவற்றின் எண்ணிக்கை 120-ஆகக் குறைக்கப்பட்டது. உள்ளூர் ரசிகனுக்காக அல்லாமல், மேலே இருக்கும் அணியின் தேவைக்காகவே இவை ஆடுகின்றன. 28 வயதாகியும் டிரிபிள்-ஏயில் அடித்துக்கொண்டிருக்கும் ஓர அவுட்ஃபீல்டரை அணி வைத்திருக்க விரும்பாது. அவருடைய இடம் 21 வயதுக்காரருக்குத் தேவை.

சம்பளம் இதைவிடக் கசப்பானது. 2020-வரை ஏ நிலையில் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 290 டாலர், டிரிபிள்-ஏயில் 502 டாலர். அதுவும் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். பயிற்சி முகாமுக்குச் சம்பளமே கிடையாது. மயாமி மார்லின்ஸ் அமைப்பில் அவுட்ஃபீல்டிலும் முதல் பேஸிலும் ஆடிய ஆரன் சென்னி 2014-இல் வேறு சிலருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். நாட்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எங்களுக்கும் பொருந்தாதா என்பதே கேள்வி. வழக்கு நடக்கும்போதே, 2018-இல், அமெரிக்க நாடாளுமன்றம் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு மிகைநேர ஊதியம் தர வேண்டியதில்லை என்று ஒரு பெரிய செலவு மசோதாவுக்குள் செருகிச் சட்டமாக்கியது. ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் புரளும் தொழிலுக்கு இப்படி ஒரு சலுகை தேவைப்பட்டது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இருந்தும் ஆட்டக்காரர்கள் விடவில்லை. 2022-இல் வழக்கு 18.5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. அதே ஆண்டு அவர்கள் சங்கம் அமைத்தார்கள். 2023-இன் முதல் ஒப்பந்தப்படி ஏ நிலையில் ஆண்டுக்கு 26,200 டாலர், டிரிபிள்-ஏயில் 35,800 டாலர் என்று குறைந்தபட்சம் உயர்ந்தது. வசதியான வாழ்க்கைக்கு இது போதாது. ஆனால் குளிர்காலத்தில் கூலி வேலை தேடி ஓடாமல் பயிற்சி செய்ய முடிகிறது.

ஆர்லெட்டின் 432 என்ற எண்ணை அமெரிக்க மைனர் லீகில் முறியடித்தவர் மைக் ஹெஸ்மன், 2015 ஆகஸ்ட் 3 அன்று, டொலிடோ மட் ஹென்ஸ் அணிக்காக. ஹெஸ்மன் அவுட்ஃபீல்டர் அல்ல, பெரும்பாலும் மூன்றாம் பேஸ்காரர். மேஜர் லீகில் அவருக்குக் கிடைத்தவை ஐந்து ஆண்டுகளில் சிதறிய 109 ஆட்டங்கள். 0.188 சராசரி. அவருக்கு வாய்ப்பு கிடைத்தது, நிலைக்கவில்லை. ஆர்லெட்டுக்கு வாய்ப்பு தாமதமாக வந்தது, அதில் அவர் அடித்தும் காட்டினார். இந்த இரண்டையும் 'மைனர் லீக்காரர்' என்ற ஒரே பையில் போடக்கூடாது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு: மேஜர் லீகுக்குப் போகாமல் இருப்பதைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள். கேள்வி கேட்டவருக்கு நேரடியான பதில் அதில்தான் இருக்கிறது. மெக்சிகோவின் ஹெக்டர் எஸ்பினோ 1939-இல் சிவாவா நகரில் பிறந்தவர். அவுட்ஃபீல்டில் தொடங்கி முதல் பேஸில் நிலைத்தவர். 1964-இல் மான்டெர்ரே அணிக்காக 46 ஹோம் ரன் அடித்தபோது கார்டினல்ஸ் அவரை வாங்கித் தன் கிளை அணியான ஜாக்சன்வில்லுக்கு அனுப்பியது. 32 ஆட்டங்களில் 0.300 சராசரி எடுத்தார். மேஜர் லீக் ஒரு படி தூரத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு அழைப்பு வந்தபோது அவர் போகவில்லை, பிறகும் போகவில்லை. மெக்சிகோ லீகில் மட்டும் 453, மைனர் லீக் கணக்கில் மொத்தம் 484 ஹோம் ரன். ஆர்லெட்டும் ஹெஸ்மனும் அவருக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். மெக்சிகோவின் எர்மோசியோ நகரம் தன் மைதானத்துக்கு, அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவருடைய பெயரை வைத்தது.